ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இருவரைப் பற்றி, எல்லாப் பெற்றோருக்கும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நம் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இருவரைப் பற்றி டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் கொஞ்ச நாளாகப் பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள். பையன்கள் மேல் கஞ்சா கேஸ் என்கிறார்கள். ஒரு பையனுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். இரண்டும் உண்மையில்லை. நடந்ததை இரு வீட்டாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்களைச் சொல்லப் போவதில்லை. தெரிந்தவர்களும் பிள்ளைகள் காதுபடச் சொல்ல வேண்டாம்.

இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்கள். ஒருவன் வாயாடி. மற்றவன் கேட்டால்தான் பதில் சொல்வான், ஆனால் கணக்கில் கெட்டிக்காரன். வாயாடிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து எட்டு வகுப்பு தாண்ட வைத்தவன் அவன்தான். சத்துணவு முட்டையில் வாயாடிக்கு மஞ்சள் கரு பிடிக்காது. அது கேட்காமலே நண்பன் தட்டுக்குப் போய்விடும்.

இவர்களுக்கு நடுவே வந்தவன் இருபது வயது இளைஞன். நம் ஊர்க்காரன் இல்லை. பத்தாம் வகுப்பில் இரண்டு பாடம் போன பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருக்கிறான். அங்கே கையில் அடிபட்டு, வேலையும் போய், குடியும் பழகி, இங்கே அம்மாச்சி வீட்டில் வந்து இருக்கிறான். மாலையில் கண்மாய்க் கரையில் பையன்களோடு வாலிபால் ஆடுவான். நன்றாகவே ஆடுவான். அதனால் பையன்கள் அவனைச் சுற்றி நின்றார்கள்.

அமைதியானவன் அவனிடம் ஒட்டிக்கொண்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நம் ஊரில் பல வீடுகளில் அப்பா வெளியூர் வேலையில் இருக்கிறார், அம்மா இருட்டிய பிறகுதான் வருகிறார். பதினாலு வயதுப் பையனிடம் ஒரு பெரியவன் தோளில் கை போட்டு, 'என்னடா, ஏன் ஒரு மாதிரி இருக்கே?' என்று கேட்டால் அது அவனுக்குப் பெரிய விஷயம். அந்த இளைஞனுக்கும் பேச வேறு ஆள் இல்லை. அவர்களுக்குள் இருந்த பாசத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாசத்தோடு வேறு சிலதும் வந்தன. முதலில் பரோட்டா வாங்கிக் கொடுத்தான், பிறகு பைக் ஓட்டக் கொடுத்தான். அப்புறம் வாயில் அடக்கும் புகையிலை. கடைசியில், பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடு என்று ஒரு பொட்டலம்.

உள்ளே என்ன என்று பையன் பார்க்கவில்லை. வாயாடி தடுத்திருக்கிறான். 'அண்ணன் என்னை நம்பிக் கொடுத்திருக்கு, உனக்குப் பொறாமை' என்று இவன் சொல்ல, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருவரும் கட்டிப் புரண்டிருக்கிறார்கள். சட்டை கிழிந்ததே தவிர இவன் கேட்கவில்லை. அந்த இளைஞன் வாயாடியைத் தனியாகப் பிடித்து, வெளியே சொன்னால் நடப்பதே வேறு என்று மிரட்டியும் இருக்கிறான். வாயாடி இரண்டு பக்கமும் பயந்து, இரவெல்லாம் தூங்காமல் கிடந்து, மறுநாள் காலை பிரேயருக்கு முன்பே பி.டி. சாரிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: 'சார், அவனை ஸ்கூலை விட்டு அனுப்பிட மாட்டீங்கல்ல?'

அன்றே இரு வீட்டாரையும் வரவழைத்துப் பேசினோம். பொட்டலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. காவல் நிலையத்தில் ஒப்படைத்துப் புகாரும் கொடுத்திருக்கிறோம். அதைக் கொடுத்து அனுப்பச் சொன்ன பெரிய ஆட்கள் யார் என்று அவர்கள் விசாரிக்கிறார்கள். பையன் நம் பள்ளியில்தான் படிக்கிறான், இனியும் படிப்பான்.

இப்போது என் மனதை அரிப்பது வேறு. வகுப்பில் வாயாடியைப் 'போட்டுக் கொடுத்தவன்' என்று ஒதுக்குகிறார்கள். அவனோடு சேராதே என்று சில வீடுகளில் பெரியவர்களே சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இன்னொரு பக்கம், அமைதியானவன் பக்கத்தில் உட்காரக் கூடாது என்றும் சில பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நான் இணங்க மாட்டேன். நண்பனின் கோபத்தையும் மிரட்டலையும் தாங்கிக்கொண்டு வாய் திறந்த பையன் செய்தது துணிச்சலான காரியம். அதை உங்கள் வீட்டில், உங்கள் பிள்ளையிடம், உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் பிரேயரில் சொல்வதைவிட அதற்குப் பலன் அதிகம். இருவரும் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாங்கள் வற்புறுத்தவும் இல்லை. பெஞ்சை மட்டும் மாற்றவில்லை.

சட்டம் பற்றியும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 18 வயது நிறையாத பிள்ளைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு, 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மதுவையோ போதைப்பொருளையோ எடுத்துச் செல்லப் பிள்ளையைப் பயன்படுத்தினாலும் அதே தண்டனைதான். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்பது 2003-லேயே வந்த சட்டம். அப்படி விற்கும் கடை தெரிந்தால் என்னிடம் சொல்லுங்கள். சொன்னவர் பெயர் வெளியே வராது. பைக் விஷயத்தில் தப்பு பெரும்பாலும் நம் வீட்டில்தான் நடக்கிறது. சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும். கடைக்குப் போய்வரத்தானே என்று சாவியைக் கொடுக்காதீர்கள்.

அந்த இளைஞனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவனைக் கட்டி வைத்து அடிக்க வேண்டும் என்று சிலர் கிளம்பினார்கள். யாரும் அவன் மேல் கை வைக்கக் கூடாது. அவன் செய்தது குற்றம், அதற்கு அவன் சட்டத்துக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். பள்ளி வாசலுக்கும் கண்மாய்க் கரையில் நம் பிள்ளைகளிடமும் அவன் வரக் கூடாது என்பதிலும் மாற்றமில்லை. ஆனால் பதினாறு வயதில் படிப்பை விட்டு, கையும் பழுதாகி, கேட்க நாதியில்லாமல் நின்றவன் அவன். பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து இரண்டு பேர் அவன் அம்மாச்சியைப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். குடியை விடுவதற்கும் கைக்கும் அரசு மருத்துவமனையில் சிகிச்சை கிடைக்கும். விட்ட இரண்டு பாடத்தைத் தனித்தேர்வராக எழுதலாம். எழுதாவிட்டாலும், ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும், இருபது வயது அதற்குத் தடையில்லை. வழக்கு எப்படிப் போனாலும் இந்த வழிகளை அவனுக்குக் காட்டுவோம். நம் பள்ளியில் படித்தவன் இல்லையே என்று கேட்டார்கள். நம் ஊரில்தானே இருக்கிறான்!

உங்கள் பிள்ளையிடம் புதிதாகப் பணமோ போனோ பொருளோ இருந்தால், வீட்டுக்கு வரும் நேரம் மாறினால், பழைய நண்பனோடு திடீரென்று பேச்சு நின்றால், அடித்து விசாரிக்காதீர்கள். சாப்பாடு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். சொல்லாவிட்டால் வகுப்பாசிரியரிடம் வாருங்கள். பிள்ளைகளுக்கு ஆபத்தென்றால் எந்த நேரமும் 1098-ஐ அழைக்கலாம். மனநல ஆலோசனைக்கு 14416, பள்ளிக் கல்வி தொடர்பான உதவிக்கு 14417, போதைப்பொருள் விற்பனை பற்றிச் சொல்ல 10581.

வரும் வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழு கூடுகிறது. மாலை 6 மணி வரை மைதானத்தைத் திறந்து வைத்து வாலிபால் பயிற்சி தர பி.டி. சார் ஒப்புக்கொண்டிருக்கிறார். கூட இருந்து பார்த்துக்கொள்ள, நாளுக்கு இரண்டு பெற்றோர் முறை வைத்து வர வேண்டும். யார் எந்தக் கிழமை வர முடியும் என்று அன்று பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்