அண்ணன் வீட்டு மூலப்பத்திரமும் தங்கையின் கிரயமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருவாரூர் மாவட்டத்தில் சிவில் வழக்குகளும் பத்திர வேலையும் பார்த்துவரும் வழக்கறிஞர் நான். நிலத்தை விற்க வருகிறவர் மூலப்பத்திரத்தின், அதாவது அந்த நிலம் தனக்கு வந்த பத்திரத்தின், அசலைக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் போலிப் பத்திரம், ஆள்மாறாட்டம் என்ற பக்கமே பேசப்படுகிறது. ஒரு தப்பும் செய்யாமல், அசல் மட்டும் கையில் இல்லாமல் தவிக்கிறவர்களின் பக்கத்தையும் உங்கள் வாசகர்கள் கேட்க வேண்டும்.

என் கட்சிக்காரர் ஒருவர், அறுபது வயதைத் தாண்டிய அம்மா. தகப்பனார் காலமான பின் 1986-ல் அண்ணன், தம்பி, இவர் என மூவருக்கும் பாகப்பிரிவினை ஆனது. பதிவான பத்திரம்தான். அதன் கடைசிப் பக்கத்தில், 'இதன் அசல் மூத்தவர் வசம் இருக்க வேண்டியது, மற்ற இருவரும் பதிவு நகல் பெற்றுக்கொள்ள வேண்டியது' என்று எழுதியிருக்கிறது. பழைய பாகப்பிரிவினைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் பார்க்கிறேன். இரண்டாவது பிரதிக்குத் தனியாக முத்திரைச் செலவு எதற்கு என்று அந்தக் காலத்தில் யோசித்திருப்பார்கள். அண்ணன் இறந்துவிட்டார். அசல் இப்போது அவர் மகனிடம். "அத்தைக்குப் பத்திரம் வேணும்னா எனக்கு ஒரு தொகை வரணும்" என்று அவர் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த அம்மாவிடம் பதிவுத்துறையே கையெழுத்திட்டு முத்திரை வைத்துக் கொடுத்த நகல் இருக்கிறது. பட்டா அவர் பெயரில் இருக்கிறது. வில்லங்கச் சான்றில் ஒரு பாக்கியும் இல்லை. டோக்கன் போட்டு, வாங்குகிறவரையும் சாட்சிகளையும் அழைத்துக்கொண்டு சார்பதிவகத்துக்குப் போனோம். "ஒரிஜினல் இல்லாம நம்பர் போட முடியாதும்மா. தொலைஞ்சு போச்சுன்னு போலீஸ்ல எழுதி வாங்கிட்டு வாங்க, பேப்பர்ல ஒரு விளம்பரம் கொடுங்க" என்றார்கள். பத்திரம் தொலையவில்லை. அது எந்த வீட்டில், எந்த பீரோவில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தொலைந்துவிட்டது என்று காவல் நிலையத்தில் பொய்ப் புகார் எழுதச் சொல்வது எந்த ஊர் நியாயம்? என் கட்சிக்காரரை நான் அதில் கையெழுத்துப் போடச் சொல்ல மாட்டேன்.

இந்த நிபந்தனை 2022-ல் தமிழ்நாடு பதிவு விதிகளில் 55-ஏ என்று நுழைந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு, 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்துக்கு இது முரணானது என்று ரத்து செய்தது. விற்பவருக்கு உரிமை உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் சார்பதிவாளருக்குக் கிடையாது என்பதே தீர்ப்பின் உயிர்நாடி. அதே ஆண்டு நவம்பரில், பட்டா மாறுதல் ஆவணத்தைக் காட்டினால்தான் பதிவு என்ற பீகார் விதிகளும் ரத்தாயின. ஆனால் நம் சட்டமன்றம், தீர்ப்பு வந்த அந்த ஏப்ரல் மாதமே, அசல் கேட்கும் நிபந்தனையைச் சட்டத்துக்குள்ளேயே சேர்க்கும் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. விதியாக இருந்தாலும் சட்டப்பிரிவாக இருந்தாலும் அந்த அம்மா நிற்கும் இடம் ஒன்றுதான்.

அரசின் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. ஆள்மாறாட்டத்தில் நிலத்தை இழந்தவர்களுக்காக ஆண்டுக்கணக்கில் கோர்ட் ஏறி இறங்குகிறவள் நான். ஆனால் போலிப் பத்திரம் தயாரிக்கிறவனுக்கு ஒரு போலி அசலைத் தயாரிப்பது பெரிய காரியமா? வங்கியில் அடமானம் இருந்தாலோ, கடனுக்கு ஈடாக அசலை வங்கியில் ஒப்படைத்ததைச் சொல்லும் குறிப்பாணை நம் மாநிலத்தில் பதிவாகி வில்லங்கச் சான்றிலேயே தெரிந்துவிடுகிறது. சிக்கிக்கொள்வது யார் என்றால், கூட்டுச் சொத்தில் பங்கு பெற்ற தங்கைகளும் தம்பிகளும்தான்.

அசல் எல்லோர் கையிலும் இருக்காது என்பதைச் சொத்து மாற்றுச் சட்டம் 1882-லேயே ஒப்புக்கொண்டுவிட்டது. அதன் 55(3) பிரிவைப் பாருங்கள். ஒருவர் தன் நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் விற்றால் ஆவணங்களை அவரே வைத்துக்கொள்ளலாம். முழுவதையும் பலருக்குப் பிரித்து விற்றால் அதிக மதிப்புள்ள பகுதியை வாங்கியவருக்கு ஆவணங்கள் போகும். மற்றவர்கள் நியாயமாகக் கேட்டால் ஆவணத்தைக் காட்டவும், கேட்பவர் செலவில் உண்மை நகல் தரவும் அவர் கடமைப்பட்டவர். மற்றவர்கள் நகலோடு வாழ்வார்கள் என்று சட்டமே சொல்கிறது. பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவோ, சார்பதிவாளர் கையெழுத்திட்டு முத்திரையிட்ட நகல், அசலில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நிரூபிக்க ஏற்கத்தக்கது என்கிறது. தன் துறை கொடுத்த நகலைத் தன் துறையே நம்ப மறுப்பதை நான் எப்படி அந்த அம்மாவுக்கு விளக்குவேன்?

பதிவுத்துறைத் தலைவருக்கு என் கோரிக்கை இது. பாகப்பிரிவினையிலும் பகுதி விற்பனையிலும் வந்த சொத்து என்றால், சான்றிட்ட நகலும் நடப்பு வில்லங்கச் சான்றும் போதும் என்று எல்லாச் சார்பதிவகங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றால் இடம் உண்டாக்கும் திருத்தத்தை அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

அப்புறம், வாய்மொழியாகத் திருப்பி அனுப்பும் பழக்கம் நிற்க வேண்டும். மறுப்பதாக இருந்தால், பதிவுச் சட்டத்தின் 71-ஆம் பிரிவின்படி காரணத்தை, மறுப்புகளுக்கென்றே உள்ள இரண்டாம் புத்தகத்தில் எழுதி, பத்திரத்தில் 'பதிவு மறுக்கப்பட்டது' என்று குறித்து, கேட்டால் காரணத்தின் நகலைக் கட்டணம் இல்லாமல் தர வேண்டும். அது கையில் இருந்தால்தான் 30 நாளுக்குள் 72-ஆம் பிரிவில் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்ய முடியும். "நாளைக்கு வாங்க" என்பதை எதிர்த்து எங்கே மேல்முறையீடு செய்வது? எழுதிக் கையெழுத்திட்ட பத்திரத்தை 4 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்ற 23-ஆம் பிரிவின் கெடு வேறு ஓடிக்கொண்டே இருக்கிறது.

சக வழக்கறிஞர்களுக்கும் ஒரு வார்த்தை. கவுன்ட்டரில் கெஞ்சிவிட்டுத் திரும்பாதீர்கள். பத்திரத்தை முறையாகத் தாக்கல் செய்து, மறுப்பை எழுத்தில் கேளுங்கள். இனிமேல் எழுதும் பாகப்பிரிவினைகளில் பங்குதாரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதியைப் பதிவு செய்து கொடுங்கள். அந்தச் செலவு வேண்டாம் என்று கட்சிக்காரர் சொன்னாலும் வற்புறுத்துங்கள்.

என் கட்சிக்காரரின் பத்திரத்தை அடுத்த வாரம் மறுபடி தாக்கல் செய்கிறோம். இந்த முறை எழுத்தில் பதில் வாங்காமல் வரமாட்டோம்.

இப்படிக்கு,
ஒரு சிவில் வழக்கறிஞர்,
திருவாரூர் மாவட்டம்.