திரும்பி வராத படிவங்களுக்காக ஒரு வேண்டுகோள்

அன்பான உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஜேர்மனியின் லூட்விக்ஸ்பூர்க்கில் எங்கள் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையிலிருந்து எட்டாம் வகுப்பு மாணவர்கள் 30 பேர் வருகிற ஏப்ரலில் பிரான்சின் மொன்பெலியார் நகருக்குப் போகிறார்கள். அங்குள்ள மாணவர்களின் வீடுகளில் ஒரு வாரம் தங்கி, அவர்களோடு வகுப்புக்குப் போய், அவர்கள் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு வருவார்கள். ஜூனில் அந்தப் பிள்ளைகள் வந்து எங்கள் வீடுகளில் தங்குவார்கள். இதற்காக 3,500 யூரோ திரட்ட வேண்டும். கோடை விழாவில் கேக்கும் ரோல்சும் விற்று 1,150 யூரோ சேர்த்துவிட்டோம். மிச்சம் 2,350 யூரோவுக்காகத்தான் இந்தக் கடிதம். எங்கள் மாணவர் பரிமாற்றக் குழுவில் ஒன்பது பேர். அதில் மூவர் தமிழர். அதனால் தமிழிலும் எழுதுகிறோம்.

போன முறை பயணத்தில் சேர்வதற்கான படிவம் கொடுத்தபோது சில பிள்ளைகளிடமிருந்து அது திரும்பி வரவே இல்லை. கேட்டால், "எனக்குப் போக விருப்பமில்லை" என்றார்கள். நாங்களும் நம்பிவிட்டோம். பயணம் முடிந்து எல்லோருக்கும் படங்கள் காட்டிய மாலை, ஒரு தாய் எங்களில் ஒருவரைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். மகள் அந்தப் படிவத்தை வீட்டில் காட்டவே இல்லையாம். புத்தகப் பைக்குள் மடித்து வைத்திருந்ததை அன்று காலைதான் கண்டாராம். ஒரு பிள்ளைக்கான செலவு 220 யூரோ. அப்பாவுக்கு இரவு வேலை, அம்மாவுக்கு விடியற்காலையில் துப்புரவு வேலை. வீட்டில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று 13 வயதுப் பிள்ளை தானே முடிவெடுத்திருக்கிறாள். அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் இந்தக் குழுவே உருவானது.

அரச உதவி பெறும் குடும்பங்கள் பாடசாலைப் பயணச் செலவை அரசிடம் கேட்க வழி இருக்கிறது. அந்தப் படிவங்களை நிரப்பக் குழுவே உதவுகிறது. இரு நாட்டு இளையவர்களின் பரிமாற்றத்துக்கு உதவும் ஜேர்மன்-பிரெஞ்சு இளைஞர் அலுவலகமும் பயணச் செலவில் ஒரு பகுதியைத் தரும். அதைக் கழித்த பிறகு வருவதுதான் இந்த 220 யூரோ. உண்மையில் அகப்பட்டுக்கொள்வது, உதவிக்கான வரம்புக்குச் சற்று மேலே சம்பாதிப்பவர்கள். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகிறார்கள், வாடகை போனால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அப்படிப்பட்ட 12 பிள்ளைகளுக்கு 2,640 யூரோ. விருந்தினர் வரும் வாரத்தில் லூட்விக்ஸ்பூர்க் அரண்மனை நுழைவுச்சீட்டு, ரயில் செலவு என்று 860 யூரோ. கணக்கு அவ்வளவுதான்.

ஏன் மொன்பெலியார் என்று சிலர் கேட்கிறார்கள். பாரிசுக்குக் கூட்டிப்போனால் ஈபிள் கோபுரமாவது பார்க்கலாமே என்கிறார்கள். அந்த ஊருக்கும் எங்கள் ஊருக்கும் இடையே ஒரு பெரிய கதை இருக்கிறது. மொன்பெலியார் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் தென் ஜேர்மனியின் வூர்ட்டம்பேர்க் அரச குடும்பத்தின் கையில் இருந்த ஊர். லூட்விக்ஸ்பூர்க் அரண்மனையைக் கட்டியதும் அதே குடும்பம்தான். அது பழைய கதை. எங்களுக்கு முக்கியமானது 1950. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐந்தே வருடம். மொன்பெலியார் மேயர் லூசியன் தராடன், நாஸிகளின் புகென்வால்ட் வதைமுகாமில் கிடந்து உயிர் தப்பியவர். அவர் மேயராக இருந்தபோதுதான் இந்த இரண்டு ஊர்களும் இரட்டை நகரங்களாகக் கைகோத்தன. ஜேர்மன் நகரமும் பிரெஞ்சு நகரமும் அப்படி இணைந்தது அதுவே முதல் தடவை. 1962 செப்டெம்பர் 9 அன்று பிரெஞ்சு ஜனாதிபதி டி கோல் எங்கள் அரண்மனை முற்றத்தில் நின்று ஜேர்மன் இளைஞர்களிடம் ஜேர்மன் மொழியிலேயே பேசினார். அடுத்த ஜனவரியில் இரு நாடுகளுக்கும் இடையே எலிசே என்னும் நட்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே 1963இல் இளைஞர் அலுவலகமும் தொடங்கியது. இன்றுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளையவர்கள் அதன் வழியாக இப்படிப் போய்வந்திருக்கிறார்கள். இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த தமிழர்களான எங்களுக்கு இந்தக் கதை வெறும் சரித்திரப் பாடமாகத் தெரியவில்லை.

இன்னொரு தயக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பணத்தைவிடப் பெரிய தடையாக இருக்கிறது. "எங்கள் வீட்டில் இரண்டே அறை, பிரெஞ்சுப் பிள்ளையை எங்கே படுக்க வைப்பது?" என்று பல தமிழ்ப் பெற்றோர் கேட்கிறார்கள். தரையில் ஒரு மெத்தை போதும். தனி அறை வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. போன முறை ஒரு வீட்டில் தங்கிய பையன், மூன்றாம் நாளே புட்டும் சம்பலும் கையால் சாப்பிடப் பழகிவிட்டான். அங்கே போன அந்த வீட்டு மகன், கான்கொய்யோட் என்னும் உருகிய பாற்கட்டியை உருளைக்கிழங்கில் ஊற்றிச் சாப்பிட்டதை இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறான். ஹோட்டலில் தங்கினால் இதெல்லாம் கிடைக்குமா?

பிள்ளையிடம் ஜேர்மன் கடவுச்சீட்டு இல்லை என்றால் முதலிலேயே எங்களிடம் சொல்லுங்கள். பாடசாலைக் குழுவாக ஆசிரியருடன் போகும் மாணவர்களுக்குப் பயணப் பட்டியல் என்று ஒன்று உண்டு. அதில் பெயர் முறையாகப் பதிவானால் தனி விசா தேவையில்லை. 1994இல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் செய்த ஏற்பாடு இது. வெளிநாட்டவர் அலுவலகம் அதை உறுதிப்படுத்த நாள் எடுக்கும். அதனால்தான் அவசரப்படுத்துகிறோம்.

சரி, எப்படிக் கொடுப்பது? பணம் பாடசாலையின் ஆதரவாளர் சங்கக் கணக்குக்கு நேரே போகும், எங்கள் யாருடைய கைக்கும் வராது. கணக்கு எண் பாடசாலை அலுவலகத்தில் கிடைக்கும். குறிப்பில் "மொன்பெலியார்" என்று எழுதிவிடுங்கள். பத்து யூரோ என்றாலும் நன்றியோடு வாங்கிக்கொள்வோம். 220 யூரோ தருபவர் ஒரு பிள்ளையை அனுப்புகிறார். எந்தப் பிள்ளைக்கு உதவி கிடைத்தது என்று வகுப்பு ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் மட்டுமே தெரியும், கொடுத்தவருக்கும் சொல்ல மாட்டோம். 300 யூரோ வரையான நன்கொடைக்கு வங்கிக் கூற்றும் சங்கம் தரும் சிறு துண்டுச் சீட்டும் வருமான வரிக் கழிவுக்குப் போதும்.

பெப்ரவரி 15க்குள் பணம் சேர்ந்தால் பேருந்தை உறுதிப்படுத்திவிடலாம். பணம் கொடுக்க இயலாதவர்கள் ஜூன் மாதத்தில் ஒரு வாரத்துக்கு மெத்தையும் போர்வையும் இரவல் தந்தால் அதுவும் பெரிய உதவி. இப்போதைக்கு நான்கு மெத்தை குறைகிறது.

அன்புடன்,
மாணவர் பரிமாற்றக் குழு