பறவைக்கும் பூச்சிக்கும் ஒரே டிரைபாட் போதுமா? நம்ம வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

செப்டம்பர் வந்துட்டா நம்ம சிங்கப்பூர் சுங்கை பூலோ சதுப்பு நிலத்துக்கு வலசைப் பறவைங்க வர ஆரம்பிச்சிடும், கூடவே நம்ம கடை வாட்ஸ்அப்லயும் ஒரே கேள்வி வரிசையா வரும். "அண்ணே, பறவைக்குப் பெரிய லென்ஸ் வாங்கிட்டேன், பூச்சியைக் கிட்டத்துல எடுக்கிற மேக்ரோ லென்ஸும் கையில இருக்கு, ரெண்டுக்கும் சேர்த்து நல்லதா ஒரு டிரைபாட் சொல்லுங்க." ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டா பாதி விஷயம் விட்டுப்போகுது, அதான் ஒரே மூச்சுல எழுதிடலாம்னு இந்த மடல்.

முடிவை முதல்லயே சொல்லிடுறேன். கால், அதாவது கீழ நிக்கிற மூணு கால் பாகம், ஒண்ணு போதும்; ஹெட், அதாவது அது மேல கேமராவைப் பிடிச்சுத் திருப்புற பாகம், ரெண்டு வேணும். காசை முதல்ல கால்ல போடுங்க. ஹெட் ரெண்டையும் ஒரே நாள்ல வாங்கணும்னு இல்ல, எது உங்களுக்கு அதிகமா தேவையோ அதை முதல்ல வாங்கிட்டு இன்னொண்ணை மெதுவா வாங்கிக்கலாம்.

ஏன் இப்படிச் சொல்றேன்னா, ரெண்டு வேலையும் டிரைபாட்கிட்ட கேட்கிறது வேற வேற. பறவை எடுக்கிறவருக்கு மூணு கிலோ எடை மேல உட்கார்ந்திருக்கும்போதே கேமரா வழுக்கிக்கிட்டு நாலா பக்கமும் திரும்பணும். சோனி 200-600 லென்ஸ் மட்டுமே 2 கிலோ 100 கிராம் கிட்ட வரும், நிக்கான் 180-600ம் அதே கணக்குதான், பாடியையும் சேர்த்துக்கோங்க. மேக்ரோ எடுக்கிறவருக்கு எடை ஒரு பிரச்சனையே இல்ல, அவருக்குக் கேமரா தரையோட தரையா இறங்கணும், அப்புறம் வெச்ச இடத்துல வெச்சபடி ஒரு மயிரிழைகூட நகராம நிக்கணும். இந்த ரெண்டையும் ஒரே ஹெட் செய்யும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கால் மட்டும் சரியாப் பார்த்து எடுத்தா ரெண்டுக்கும் ஒத்துவரும்.

காலை எப்படிப் பார்க்கிறது? எல்லாரும் பெட்டி மேல போட்டிருக்கிற கிலோவைத்தான் முதல்ல பார்க்கிறாங்க. 15 கிலோ தாங்கும், 25 கிலோ தாங்கும்னு போட்டிருக்கும். அந்த எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு அளக்குது, எல்லாருக்கும் பொதுவா ஒரு அளவுமுறை கிடையாது. அதுவும் போக, உடையாம தாங்குறது வேற, ஆடாம தாங்குறது வேற. நமக்கு வேண்டியது ரெண்டாவது. 600 மில்லிமீட்டர்ல முழு ஃபிரேம் கேமரா பார்க்கிற கோணம் 4 டிகிரி சொச்சம்தான், அவ்வளவு குறுகலாப் பார்க்கும்போது சின்ன ஆட்டம்கூட படத்துல பெருசா தெரியும்.

அதனால கடைக்கு வந்தா இதை நீங்களே செஞ்சு பாருங்க, நாங்களும் கூட இருந்து செஞ்சு காட்டுறோம். காலை முழுசா இழுத்து நிறுத்துங்க, உங்க லென்ஸை மாட்டி 600ல வெச்சு, எதிர்ச் சுவர்ல ஒரு லேபிள் மேல ஃபோகஸ் பண்ணுங்க. ஸ்க்ரீன்ல லைவ் வியூவைப் பெருசாக்கிட்டு, லென்ஸ் ஹூடை விரலால லேசா ஒரு தட்டு தட்டுங்க. லேபிள்ல இருக்கிற எழுத்து ஆடும், எவ்வளவு நேரத்துல அடங்குதுன்னு மட்டும் பாருங்க. மெல்லிய கால்ல மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே இருக்கும், அடங்குறதுக்குள்ள நமக்கே பொறுமை போயிடும். நல்ல கால்ல தட்டின உடனே ரெண்டு அசைவோட நின்னுடும். அதே காலோட நடு கம்பத்தை மேல ஏத்திட்டு மறுபடியும் தட்டுங்க. பெட்டி மேல போட்ட கிலோ மாறவே இல்ல, ஆனா ஆட்டம் எவ்வளவு கூடுதுன்னு பார்த்துட்டு நீங்களே கம்பத்தைக் கீழ இறக்கிடுவீங்க.

நடு கம்பம்தான் ரெண்டு பேருக்குமே தொல்லை. பறவைக்காரருக்கு அது ஆட்டம், மேக்ரோக்காரருக்கு அது தரையில இடிக்கும், காலை அகலமா விரிச்சாலும் கம்பம் தடுத்துடும். அதனால கம்பமே இல்லாத கால், இல்லாட்டி கம்பத்தைக் கழட்டி வெச்சுட்டு ஹெட்டை நேரா மாட்டக்கூடிய கால், இந்த ரெண்டுல ஒண்ணைத்தான் நான் சொல்லுவேன். மேன்ஃப்ராட்டோ 055 மாதிரி கம்பத்தைப் படுக்க வெக்கிற டிசைன் மேக்ரோவுக்கு வசதிதான், செடிக்கு மேல கேமராவை நீட்டலாம், ஆனா நீட்டினா ஆடும், அதை மனசுல வெச்சுக்கிட்டு வாங்குங்க.

குழாயோட தடிமனைப் பாருங்க. மேல் குழாய் 32 மில்லிமீட்டர் இருந்தா பெரிய லென்ஸுக்கு நிம்மதி, 28 இருந்தா 100-500 மாதிரி லென்ஸுக்கும் மேக்ரோவுக்கும் தாராளம். அடிக் குழாயையும் பார்க்கணும், ஏன்னா அஞ்சு மடிப்பு கால்ல கடைசித் துண்டு விரல் தடிமன்கூட இருக்காது. பைக்குள்ள அடங்கணும்னு அஞ்சு மடிப்பு கேட்கிறவங்க நிறைய, எம்ஆர்டி ரயில்ல தூக்கிட்டுப் போறவங்க கஷ்டம் புரியுது, ஆனா மூணு இல்லாட்டி நாலு மடிப்போட நிறுத்திக்கோங்க. உயரம், கம்பத்தை ஏத்தாமலே வியூஃபைண்டர் உங்க கண்ணுக்கு வரணும். மேல ஹெட்டும் கேமராவும் சேர்ந்து இருபது சென்டிமீட்டர் போல கூட்டும், அதைக் கழிச்சுக் கணக்குப் போட்டா போதும். மரத்து மேல இருக்கிற இருவாச்சியை அண்ணாந்து பார்த்து எடுக்கணும்னா இன்னும் கொஞ்சம் உயரம் வெச்சுக்கோங்க, குனிஞ்சு நின்னு மேல பார்த்தா அரை மணி நேரத்துல கழுத்து போயிடும்.

கார்பனா அலுமினியமான்னு கேட்பீங்க. கிட்ஸோ 1994ல கார்பன் டிரைபாட் கொண்டு வந்தப்போ விலை எட்டாத உயரத்துல இருந்துச்சு, இப்போ சீனக் கம்பெனிங்க வந்ததும் கைக்கு எட்டுற விலைக்கு இறங்கிடுச்சு. எடை குறைவு, அதிர்வை சீக்கிரம் அடக்கும். நம்ம ஊர் வெயில்ல பாசிர் ரிஸ்ல இருந்து சுங்கை பூலோ வரைக்கும் தோள்ல சுமக்கிறவங்களுக்கு கார்பன்தான். காசு இறுக்கம்னா மெல்லிய கார்பனை விட தடிச்ச அலுமினியம் நல்லது, இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

இப்போ ஹெட். பெரிய லென்ஸுக்கு பால் ஹெட், அதாவது ஒரு உருண்டை மேல எல்லாப் பக்கமும் திரும்புற ஹெட், போட்டு லூசா விட்டா, லென்ஸோட முன்பாரம் இழுத்து படார்னு ஒரு பக்கம் சாயும். விரல் மாட்டினா நசுங்கும், லென்ஸ் கால்ல இடிச்சா கண்ணாடி போகும். அதுக்குத்தான் கிம்பல். கிம்பல்ல லென்ஸ் ஒரு ஊஞ்சல்ல உட்கார்ந்த மாதிரி தொங்கும். லென்ஸைச் சுத்தி இருக்கிற பிடி வளையம், அதாவது லென்ஸ் காலரோட அடியில நீளமான பிளேட் மாட்டி, முன்ன பின்ன நகர்த்தி, திருகை எல்லாம் லூசா விட்டாலும் லென்ஸ் விட்ட இடத்துலயே நிக்கிற புள்ளியைக் கண்டுபிடிக்கணும். ஜூம் பண்ணும்போது நீளுற லென்ஸா இருந்தா, நீங்க அதிகம் எடுக்கிற நீளத்துல வெச்சு பேலன்ஸ் பண்ணுங்க. அது அமைஞ்சிட்டா ரெண்டு விரல்ல பறவையோட கூடவே போகலாம். பிளேட் வாங்கும்போது ஆர்க்கா ஸ்விஸ் வகையாப் பாருங்க, ஹெட் எந்தக் கம்பெனியா இருந்தாலும் பெரும்பாலும் பொருந்தும். மேன்ஃப்ராட்டோவோட பழைய பிளேட் அதுல மாட்டாது.

மேக்ரோவுக்கு பால் ஹெட்ல என்ன சிக்கல்னா, இறுக்கினதும் ஒரு நூலளவு கீழ இறங்கும். இயற்கைக் காட்சிக்கு அது கணக்கே இல்ல. பூச்சி சென்சார்ல நிஜ அளவுலயே விழுற ஒண்ணுக்கு ஒண்ணு அளவுல, எஃப் 8 அபர்ச்சர்ல ஃபோகஸ் ஆழம் ஒரு மில்லிமீட்டர் கிட்டதான் இருக்கும், அதுல நூலளவு இறங்கினா சிலந்தியோட கண்ணு போய் கால்ல ஃபோகஸ் நிக்கும். பல்சக்கரம் வெச்ச ஹெட், அதாவது கியர்ட் ஹெட், திருகைத் திருப்பத் திருப்ப கொஞ்சம் கொஞ்சமா நகரும், கையை எடுத்தா அங்கேயே நிக்கும். மேன்ஃப்ராட்டோ 410 ரொம்ப வருஷமா மேக்ரோக்காரங்க வெச்சிருக்கிறது, எடை ஒரு கிலோவுக்கு மேல, அதுதான் குறை.

ஆனா ஒண்ணு, எல்லா மேக்ரோவுக்கும் டிரைபாட் வேண்டாம். ராத்திரி டார்ச் வெச்சுக்கிட்டு பார்க் கனெக்டர் பாதை ஓரமா சிலந்தி, தவளை தேடுறவங்க கையில பிடிச்சு, ஃபிளாஷ் போட்டு, அந்த வெளிச்சத்தை மென்மையாக்க நல்ல டிஃப்யூசர் வெச்சு எடுக்கிறதுதான் சரி. ஃபிளாஷ் வெளிச்சம் கண நேரத்துல முடிஞ்சிடுது, கை ஆட்டம் படத்துல வராது, நீங்க காலை விரிச்சு நிறுத்துறதுக்குள்ள சிலந்தி அடுத்த இலைக்குப் போயிடும். அவங்களுக்கு நான் டிரைபாட் விக்க மாட்டேன், டிஃப்யூசர்தான் காட்டுவேன். காளான், பாசி, விடியற்காலையில பனி பட்டு அசையாம இருக்கிற தும்பி, இதையெல்லாம் பல படம் எடுத்து ஒண்ணா சேர்க்கிறவங்களுக்கு டிரைபாட் கட்டாயம். அங்கேயும் காத்து அடிச்சா டிரைபாட் நிக்கும், இலை நிக்காது, அதனால செடியைப் பிடிச்சு வெக்க ஒரு சின்ன கிளிப்பும் பையில இருக்கட்டும். இலையைப் பறிக்கவோ பூச்சியை இடம் மாத்தவோ கூடாது, நேச்சர் ரிசர்வ்ல அது சட்டப்படியும் தப்பு.

அதே மாதிரி பீஷான் பூங்காவுல நீர்நாய்க் குடும்பத்தைத் துரத்துறவங்களுக்கும் டிரைபாட் வேண்டாம். ஆத்துல இருந்து கரைக்கு, கரையில இருந்து பாலத்துக்கு அடியிலன்னு அது ஓடிக்கிட்டே இருக்கும், ஒத்தைக் கால் மோனோபாட் போதும். முதுமலை, பந்திப்பூர்னு ஊருக்குப் போய் ஜீப்ல சுத்துறவங்களுக்கு லென்ஸைத் தாங்குற பை, அதாவது பீன் பேக். இங்கிருந்து காலிப் பையா எடுத்துட்டுப் போங்க, அங்க போய் அரிசியோ பயறோ வாங்கி நிரப்பிக்கலாம், விமானத்துல எடை மிச்சம்.

பலகை நடைபாதையைப் பத்தி ஒரு வார்த்தை. பாசிர் ரிஸ் சதுப்பு நிலக் காட்டுக்குள்ள அந்த மரப் பலகை மேல எவ்வளவு விலை உயர்ந்த டிரைபாட் வெச்சாலும், பக்கத்துல ஒருத்தர் ஓடினா படம் குலுங்கும். பலகை நடுவுல வெக்காம, அடியில தூண் இருக்கிற இடமாப் பார்த்து ஓரமா காலை ஊனுங்க, ஆள் கடந்து போனதும் ஒரு மூச்சு விட்டுட்டு ஷட்டரை அழுத்துங்க. கூர்முனைக் கால் அங்க வேண்டாம், ரப்பரே போதும். வழியை அடைச்சு விரிச்சு வெக்காதீங்க, ஸ்ட்ரோலர் தள்ளிட்டு வர்றவங்களும் நடக்கணும். கிம்பலை லூசா வெச்சுப் பறவையைப் பின்தொடரும்போது லென்ஸோட ஆட்டத்தைக் குறைக்கிற ஸ்டெபிலைசர் ஆன்லயே இருக்கட்டும், எல்லாத்தையும் இறுக்கி மேக்ரோ எடுக்கும்போது ஆஃப் பண்ணிடுங்க.

உப்புத் தண்ணி, சேறு பட்ட காலை அன்னைக்கே கழுவணும், இதுல சோம்பல் கூடாது. ரிப்பேருக்கு வர்ற டிரைபாட்ல பாதிக்கு மேல காரணம் இதுதான். திருகிப் பூட்டுற வகைக் காலா இருந்தா பூட்டை முழுசா கழட்டி, அடிக் குழாயை வெளிய உருவுங்க. குழாயோட மேல் முனையில ரெண்டு பிளாஸ்டிக் சில்லு கவ்விக்கிட்டு இருக்கும், அதுல சின்னக் குமிழ் ஒண்ணு குழாயோட ஓட்டைக்குள்ள உட்கார்ந்திருக்கும். அந்தச் சில்லை சிங்க்ல தண்ணியோட விட்டுடாதீங்க, ஒரு கிண்ணத்துல போட்டு வெயுங்க. நல்ல தண்ணியில மணல் போக அலசி, பழைய பல் பிரஷ்ஷால மரையைத் தேய்ச்சு, துணியால துடைச்சு, நிழல்ல நல்லா காயவிட்டு, மரையில மட்டும் கொஞ்சமா கிரீஸ் தடவி மாட்டுங்க. கார்பன் குழாய் துருப்பிடிக்காது, ஆனா பூட்டும் திருகும் உலோகம்தான், உப்பு அதை விடாது.

பார்க்க வர்றவங்க உங்க கேமராவையும், இருக்கிறதுலயே கனமான லென்ஸையும் கையோட எடுத்துட்டு வாங்க. சனி, ஞாயிறு கூட்டமா இருக்கும், வார நாள்ல மத்தியானம் வந்தா நிதானமா நிறுத்திப் பார்க்கலாம். ஒரு விஷயம் மறந்துடாதீங்க, எடை குறையட்டும்னு லென்ஸ் காலரைக் கழட்டி வீட்டு அலமாரியில வெச்சிருப்பீங்க, அதையும் தேடி எடுத்துட்டு வாங்க, அது இல்லாம கிம்பல்ல எதையும் மாட்டிக் காட்ட முடியாது.

அன்புடன்,
உங்க கேமரா கடையில இருந்து