பொம்பிலுக்கு உள்ள மரியாதை சாளைக்கு இல்லையே

ஆசிரியருக்கு வணக்கம்.

மும்பை சுற்றுலா பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சாப்பாடு என்ற பகுதியில் வடாபாவ், பாவ் பாஜி, சௌபாட்டி பேல்பூரி, அத்தோடு சரி. மூன்று பக்கமும் தண்ணீர் உள்ள ஊரைப் பற்றி எழுதிவிட்டு மீனுக்கு ஒரு வரிகூட இல்லையென்றால் தூத்துக்குடிக்காரன் சும்மா இருப்பானா?

என் மகன் பரேலில் இருக்கிறான். அவன் ஆபீஸ் போனதும் நான் கால்போன போக்கில் கிளம்பிவிடுவேன். அப்படித்தான் லால்பாக்கில், மிளகாய் இடித்து மசாலா போட்டுத்தரும் கடைகளைத் தும்மிக்கொண்டே தாண்டி ஒரு சந்தில் திரும்பியபோது கொங்கணக் கடற்கரைப் பக்கத்துச் சமையலான மால்வணி சாப்பாட்டுக் கடை ஒன்று கண்ணில் பட்டது. ஆறேழு மேஜைதான். பெயர்ப் பலகையைவிடப் பெரிதாக ஒரு கரும்பலகை, அதில் அன்றைக்கு வந்த மீன்கள். கல்லாவில் இருந்த அம்மாவிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் விசாரித்தேன். "வாங்க காகா" (மராத்தியில் சித்தப்பா) என்று அடுப்படிக்கே கூட்டிப்போய்த் தட்டுகளைக் காட்டிவிட்டார். சுர்மை நம்ம சீலா, பாங்க்டா கானாங்கெளுத்தி, மாந்தேலி நெத்திலி ஜாதிப் பொடிமீன், அப்புறம் மட்டி. பொம்பில்தான் எனக்குப் புதுசு.

அந்த மீனுக்கு உடம்பெல்லாம் தண்ணீர். எடுத்தால் கொழகொழவென்று கையை விட்டு வழுகுகிறது. பிளந்து முள்ளை எடுத்து, மேலே பாரம் வைத்துத் தண்ணீரை வடித்து, மசாலா தடவி ரவையில் புரட்டி வறுக்கிறார்கள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெல்லவே வேண்டாம். பாங்க்டா குழம்பில் புளிக்குப் பதில் கோகம் என்கிற புளிப்புப் பழம், கூடவே திர்பள் என்று ஒரு காய். அதை ஒதுக்கிவிட வேண்டும் என்று பக்கத்து மேஜைக்காரர் சைகை காட்டினார், நான் கடித்து நாக்கு மரத்த பிறகு! கடைசியில் தேங்காய்ப்பாலும் கோகமும் கலந்த ரோஸ் நிற சோல்கடி ஒரு டம்ளர்.

பஞ்சாலை வேலைக்குக் கொங்கணத்திலிருந்து வந்தவர்களுக்குச் சோறு போட்ட சாப்பாட்டுக் கடைகள் நிறைந்த பகுதி அது. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடி, மாலும் மாடிக் கட்டடமும் வந்துவிட்டன. மகனுடைய ஆபீஸே பழைய ஆலை வளாகத்தில்தான்.

எனக்குப் பிடித்தது அந்தக் கரும்பலகை. விலை குறைந்த பொடிமீனுக்கும் அதில் இடம் உண்டு. நம் ஊரில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் உட்கார்ந்தாலும் சீலா வறுவல், இறால் 65தான். சாளை, காரல் இருக்கா என்று கேட்டால் சர்வர் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார். வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிற மீன்தானே? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாளும் மெனு மட்டும் மாறுவதில்லை. அந்தச் சீலா எந்த ஐஸ் பெட்டியில் கிடந்ததோ! இன்றைக்கு என்ன மீன் வந்தது என்று எழுதிப்போட ஒரு பலகையும் சாக்கட்டியும் போதும். ஹோட்டல்காரர்கள் யோசிக்கட்டும்.

மும்பை போகிறவர்களுக்கு: அங்கே தடைக்காலம் ஜூன், ஜூலை. திங்கள், வியாழன்களில் பல வீடுகளில் மீன் எடுப்பதில்லை. புதன், வெள்ளி, ஞாயிறு மத்தியானம் ஒரு மணிக்கு முன்னால் போய்விடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர்,
தூத்துக்குடி.