ஆத்தங்குடிக் கல்லைச் சுடுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் செட்டிநாட்டு வீடுகள் பற்றிய கட்டுரையில், 'ஆத்தங்குடியில் சூளையில் சுட்டெடுக்கப்படும் வண்ண ஓடுகள்' என்று ஒரு வரி வந்திருக்கிறது. படங்கள் அருமை. ஆனால் அந்த வரியைத் தாண்டி என்னால் மேலே படிக்க முடியவில்லை. ஆத்தங்குடிக் கல்லைச் சுடுவதில்லை. தரையில் பதிக்கும் அந்தக் கல்லில் இருப்பது சிமெண்டும் மணலும் கலர்ப் பொடியும். சிமெண்ட் இறுகுவதே தண்ணீரைப் பிடித்துக்கொண்டுதான். சூளையில் ஏற்றினால் அந்த நீர் போய் கல் உதிர்ந்துவிடும். ஆத்தங்குடி இருக்கும் அதே சிவகங்கை மாவட்டத்து மானாமதுரையில் கடமும் பானையும் சூளையில் வேகின்றன. இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டார்களோ என்னவோ.

வேலை நடக்கும் முறையை அரை மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்திருந்தாலே போதும். துடைத்த கண்ணாடிமேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வேலைத் தகடு. தகட்டின் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் கலர்க் கலவையை ஊற்றுவார்கள். தண்ணீர் கூடினால் ஒரு கலர் மற்றதில் ஓடிவிடும். குறைந்தால் ஓரங்கள் ஒட்டாமல் கோடு விழும். தகட்டை நேர் மேலே தூக்க வேண்டும். கை சற்றுச் சாய்ந்தாலும் இதழின் விளிம்பு கலங்கிவிடும், அந்தக் கல் வீண். பிறகு சிமெண்டும் மணலும் கலந்த உலர்ந்த தூளைத் தூவுவார்கள். கலரில் இருக்கும் ஈரத்தை இழுப்பது அதுதான். அதில் கஞ்சத்தனம் பண்ணினால் பின்னாளில் கலர் ஏடு தனியே பெயரும். அதன்மேல் ஈரக் கலவையை நிரப்பி மட்டம் தட்டி, காய்ந்ததும் தொட்டியில் நாள்கணக்கில் ஊற வைப்பார்கள். ஊறல் போதாத கல் தரையில் போட்ட பிறகு பொடி உதிரும், மயிரிழை வெடிப்பு விடும். முகத்தில் தெரியும் பளபளப்பு அடியில் இருந்த கண்ணாடி கொடுத்தது. கண்ணாடியில் ஒரு தூசி ஒட்டியிருந்தாலும் கல்லில் ஊசித் துளை விழும். இத்தனை கைப்பதத்தையும் 'சூளை' என்ற ஒரு சொல் மறைத்துவிடுகிறது, ஐயா.

இது சொல் பற்றிய சண்டை மட்டுமல்ல. குஜராத்தின் மோர்பி மாதிரி ஊர்களில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டு வரும் செராமிக் டைல்ஸில் இதே பூ டிசைனை அச்சடித்து, 'ஆத்தங்குடி' என்றே கடைகளில் விற்கிறார்கள். மோர்பி சரக்கு மோசம் என்று சொல்லவில்லை. அது வேறு பொருள். ஆத்தங்குடிக் கல் சுட்டதுதான் என்று தங்கள் இதழே எழுதினால், வாங்குகிறவர் எதைக் கேட்டுக் கடைக்காரரை மடக்குவார்? கல்லைத் திருப்பிப் பாருங்கள். பின்புறம் சாம்பல் நிறச் சிமெண்டாக, சொரசொரப்பாக இருக்கும். உடைந்த ஓரத்தில் கலர் தனி ஏடாகத் தெரியும். அச்சடித்ததில் கலர் மேல்தோலோடு சரி. மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் ஆத்தங்குடிக் கல்லில் பளபளப்பு மங்கிய வட்டம் விழும். சுட்ட டைல்ஸுக்கு ஒன்றும் ஆகாது.

எலுமிச்சைக்கே இந்தக் கதி என்றால் ஆசிட்டுக்கு? முன்பு தங்கள் வீட்டுக் குறிப்புப் பகுதியில், பழைய செட்டிநாட்டுத் தரையை ஆசிட் கலந்த நீரில் கழுவச் சொல்லி எழுதியிருந்தீர்கள். அப்போதே கடிதம் போட்டேன், பதில் இல்லை. ஆசிட் சிமெண்டைத் தின்றுவிடும். முகம் வெளுத்துச் சொரசொரத்துப் போகும். மெஷின் வைத்துத் தேய்த்தும் மீட்க முடியாது, கலர் ஏடு சில மில்லிமீட்டர்தான். ஆழமாகத் தேய்த்தால் பூ போய்ச் சாம்பல் வந்துவிடும். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு ஆசிட் ஊற்றிய இரண்டு கூடங்களைப் பழுது பார்க்கப் போய், ஒன்றும் செய்ய முடியாமல் திரும்பினேன். வெறும் தண்ணீர், எப்போதாவது துணியில் தொட்ட தேங்காய் எண்ணெய், அதன்மேல் ஆள் நடமாட்டம். இந்தத் தரைக்கு வேறு எதுவும் வேண்டாம்.

இதற்கும் முன்னால் ஒரு பொங்கல் மலரில் இதே தரையை 'இத்தாலிய மார்பிள்' என்று போட்டீர்கள். கொண்டுவந்த மார்பிளும் அந்த வீடுகளில் உண்டுதான். ஆனால் படத்தில் இருந்தது உள்ளூர்க்காரர் கையால் செய்த கல். அந்தப் பெருமையையும் வெளிநாட்டுக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

நான் கேட்பது இரண்டு வரிதான். 'சுட்டெடுக்கப்படும்' என்பதை 'வார்த்தெடுக்கப்படும்' என்று திருத்தி அடுத்த இதழில் போடுங்கள். கீழேயே, ஆசிட் வேண்டாம் என்றும் ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
தரை பதிக்கும் தொழிலில் உள்ள ஒரு வாசகன்,
காரைக்குடி