வீடுகளுக்குள் வரும் பாம்புகளைப் பிடிக்க இருளர்களை நியமிக்கக் கோரும் மனு

அனுப்புநர்
ஏரிக்கரையை ஒட்டிய மனைப்பிரிவில் குடியிருப்போர்,
திருப்போரூர் வட்டம், செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
செங்கல்பட்டு மாவட்டம்.

பொருள்: குடியிருப்புகளுக்குள் வரும் பாம்புகளைப் பாதுகாப்பாகப் பிடித்து அருகிலேயே விடுவதற்கு, இருளர் பாம்பு பிடிப்பவர்களை ஊதியத்துடன் நியமிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நாங்கள் குடியிருக்கும் இடம் ஏரி மதகுக்குக் கீழே, ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம். மனை போட்டு விற்றதில் பாதி இடத்தில் வீடு வந்துவிட்டது, மீதி சீமைக்கருவேலமாகக் கிடக்கிறது. ஐப்பசி மழை பிடித்ததும் பழைய வரப்பு வளைகளில் தண்ணீர் நின்றுவிடும். எலி மேடேறும், அதன் பின்னாலேயே பாம்பும் மேடேறும். இங்கே மேடு என்றால் எங்கள் வீடுகள்தான். மார்கழி, தை மாதங்களில் கண்ணாடி விரியன் இணை தேடி அலையும். வெயில் காலம் முடிகிற சமயத்தில் அதன் குட்டிகள் வாசல்படி வரை வரும். ஆக, நிம்மதியான மாதம் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை.

பாம்பே இல்லாத ஊர் வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. ஏரிக்கரையில் வீடு வாங்கிவிட்டு அப்படிக் கேட்பது நியாயமும் இல்லை. வீட்டுக்குள் பாம்பு வந்தால், ராத்திரி நேரத்திலும் கூப்பிட்டவுடன் வரக்கூடிய, தொழில் தெரிந்த, வனத்துறை அனுமதி உள்ள ஓர் ஆள் வேண்டும்.

இப்போது என்ன நடக்கிறது என்பதற்கு ஒன்றே ஒன்று சொல்கிறோம். போன மழைக்காலத்தில், கட்டட வேலைக்கு அடுக்கி வைத்திருந்த ஹாலோ பிளாக் கற்களுக்கு நடுவே ஒரு கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது. குக்கரில் பிரஷர் போகிற மாதிரி விடாமல் சீறியதால், கல் எடுக்கப் போன சித்தாள் அம்மா கையை இழுத்துக்கொண்டார். யாரோ கொடுத்த நம்பருக்குப் போன் செய்ததில் ஒரு இளைஞர் பைக்கில் வந்தார். கையில் டிவி ஆன்டெனா கம்பியை வளைத்துச் செய்த கொக்கி, காலில் ரப்பர் செருப்பு. வாலைப் பிடித்துத் தூக்கியவர், பாம்பு உடலை வளைத்து மேலே வரும்போதெல்லாம் ஒரு குதி குதித்தார். கூட வந்த நண்பர் வீடியோ எடுத்துக்கொண்டே இருந்தார். நாலடி தள்ளிக் குழந்தைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் சர்க்கரைச் சாக்கில் போட்டுக் கட்டி, பெட்ரோல் செலவுக்கு என்று ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு கிளம்பினார். எங்கே விடுவீர்கள் என்று கேட்டோம். "காட்டுல விட்டுடுவேன் சார்" என்றார். எந்தக் காடு என்பது அவருக்கும் அந்தப் பாம்புக்கும்தான் தெரியும்.

அவரைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த நேரத்தில் வந்து நின்றவர் அவர் ஒருவர்தான். ஆனால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, உயிரினத்தைப் பிடிப்பதும் வேட்டை என்ற கணக்கில்தான் வருகிறது. அனுமதி இல்லாமல் செய்யக்கூடாது. அடித்தால் குற்றம், அனுமதியில்லாதவரை விட்டுப் பிடித்தாலும் குற்றம் என்றால், பாத்ரூமுக்குள் நல்ல பாம்பு நிற்கும்போது நாங்கள் என்னதான் செய்வது?

இதற்கு விடை வெளியூரில் இல்லை, நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. பாம்புத் தோல் வியாபாரம் தடைபட்டுப் பிழைப்பு போன பிறகு, அதே கைத்திறனை உயிர் காக்கும் மருந்துக்காகத் திருப்பியவர்கள் அவர்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் வனத்துறை உரிமத்தோடு பிடித்து, மண்பானையில் வைத்து, சில வாரங்களில் நான்கு தடவை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துத் தயாரிப்பில் பெரும் பங்கு இந்த விஷத்துக்கு உண்டு. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களை 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைத்துப் போனார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. புழுதியில் இருக்கிற தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போனது என்று சொல்லக்கூடியவர்கள் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது, நாங்கள் ஆன்டெனா கம்பியை நம்பி நிற்கிறோம்.

எனவே, விருப்பமுள்ள இருளர் இளைஞர்களையும் பெண்களையும் ஊராட்சிவாரியாக நியமித்து, மாதச் சம்பளமோ அழைப்புக்கு இவ்வளவு என்றோ அரசே கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் மனம் பார்த்துக் கொடுக்கும் காசாக அது இருக்கக்கூடாது. நல்ல கொக்கி, பாம்பு தானே நுழையும்படி வாயில் குழாய் பொருத்திய துணிப்பை, கணுக்கால் மூடும் பூட்ஸ், தலையில் மாட்டும் டார்ச், இவற்றோடு காப்பீடும் தர வேண்டும். கைத்திறன் இருக்கிறது என்பதற்காக வெறுங்கையோடு அனுப்புவது சரியல்ல. கேரளத்தில் வனத்துறையே பாம்பு பிடிப்பவர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் கொடுத்து, சர்ப்பா என்ற செயலி வழியாக மக்களோடு இணைத்திருக்கிறது. அந்த மாதிரி ஏற்பாடு இங்கே கடைசித் தெரு வரை வர வேண்டும். செயலி தெரியாதவர்களுக்கு ரேஷன் கடைச் சுவரில் ஒரு நம்பர் எழுதி வைத்தாலே போதும்.

பிடித்த பாம்பைத் தொலைதூரக் காட்டில் கொண்டுபோய் விடக்கூடாது என்பதும் எங்கள் கோரிக்கைதான். இதில் எங்களுக்குள்ளேயே சண்டை நடந்தது. பக்கத்தில் விட்டால் திரும்பி வராதா என்று கேட்டார்கள். வரலாம். ஆனால் தூரத்தில் விட்டால் என்ன ஆகிறது என்று அமெரிக்காவில் கிலுகிலுப்பைப் பாம்புகளுக்கு ரேடியோ கருவி பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். இடம் மாற்றி விட்டவை வளை தெரியாமல், இரை கிடைக்கும் இடம் தெரியாமல் மற்றவற்றைவிட அதிகம் அலைந்தன, அதிகம் செத்தன. அலைகிற பாம்பு இன்னொரு ஊர் வாசலில்தான் போய் நிற்கும். இங்கே காலியான வளைக்கு, எலி இருக்கிற வரை வேறொரு பாம்பு வந்து சேரும். ஏரிக்கரையில் ஆள் நடமாட்டம் குறைந்த புதர்ப் பக்கம் ஒன்றை வனத்துறை அடையாளம் காட்டினால், அங்கே விடச் சொல்லி நாங்கள் எழுதித் தரத் தயார்.

விஷமில்லாத பாம்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாரைப் பாம்பு நல்ல பாம்பின் ஆண் என்று இன்னமும் நம்பி அடிக்கிறார்கள். எலியைத் தின்று தீர்க்கிற பாம்பை அடித்துப் போட்டுவிட்டு எலி மருந்துக்குக் காசு கொடுக்கிறோம். கட்டுவிரியன் மாதிரியே பட்டை போட்ட வெள்ளிக்கோல் வரையனும் இப்படித்தான் சாகிறது. போட்டோ அனுப்பினால் இன்ன பாம்பு என்று சொல்ல ஒரு வாட்ஸ்அப் எண் இருந்தால் பாதிப் பாம்புகளைப் பிடிக்கவே தேவையிருக்காது. பூண்டு, பினாயில், கந்தகம் எல்லாம் தெளித்துப் பார்த்தாகிவிட்டது. பாம்பு அதைச் சட்டை செய்வதில்லை.

மருத்துவம் பற்றிச் சுருக்கமாக. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக, அதாவது மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக, தமிழக அரசு 2024 நவம்பரில் அறிவித்ததை வரவேற்கிறோம். எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவிலும் விஷமுறிவு மருந்தும் அதைச் செலுத்தத் தெரிந்தவரும் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். கட்டுவிரியன் தரையில் படுத்துத் தூங்குபவரைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. வலியும் தெரியாது, தடமும் தெரியாது. விடிகாலையில் வயிற்று வலி, இமை சொருகல் என்று ஆரம்பிக்கும்போது, வாயுவாக இருக்கும் என்று கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் கட்டடத் தொழிலாளர் குடும்பங்களுக்குக் கொசுவலையாவது கொடுத்தால், மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டுப் படுக்கச் சொல்லலாம்.

குப்பையை வாரத்துக்கு ஒருமுறை இல்லாமல் தினமும் எடுப்பதும், மதகுச் சாலையில் எரியாத விளக்குகளைச் சரிசெய்வதும் இதோடு சேர்ந்ததுதான். காலி மனைகளில் புதர் வெட்ட உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கற்குவியலையும் விறகையும் சுவரை ஒட்டிப் போடாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு.

இந்த மனுவை மாவட்ட வன அலுவலருக்கு அனுப்பி, வனத்துறையும் கூட்டுறவுச் சங்கத்தாரும் ஒருமுறை நேரில் வந்து பார்க்க ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வந்தால் நல்லது. மழை விழுந்த பிறகு மதகுப் பாதையில் ஜீப் வராது.

இப்படிக்கு,
ஏரிக்கரை மனைப்பிரிவு குடியிருப்போர்.

இணைப்பு: குடியிருப்போர் கையொப்பங்கள், பாம்புகள் வந்த தெருக்களைக் குறித்த கைவரைபடம்.