அடுப்படியைப் பூட்டினால் சர்க்கரை இறங்குமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: இரவில் அளவாகத்தான் சாப்பிடுகிறேன், மாத்திரையும் தவறுவதில்லை, அப்படியும் காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை ஏறியே இருக்கிறது, பகலெல்லாம் தூக்கம் தூக்கமாக வருகிறது, ஏன் என்று. உங்கள் டாக்டர் சொன்ன பதில்: "வீட்டம்மா இரவில் அடுப்படியைப் பூட்டிவைத்தாலே பாதிச் சர்க்கரை இறங்கிவிடும். பகல் தூக்கத்துக்கு மருந்து, சோம்பலை விடுவதுதான்."

வேடிக்கையாக எழுதியிருப்பார். சிரிக்க முடிந்தவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். சர்க்கரை உள்ளவரோடு குடித்தனம் நடத்துகிற எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் இதே பதிலை நேரிலேயே நிறைய வாங்கியிருக்கிறேன். என் கணவரின் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் டாக்டர் என் பக்கம்தான் திரும்புவார். "என்னம்மா, ஸ்வீட் கீட் குடுக்கறீங்களா?" நோய் அவருக்கு, விசாரணை எனக்கு.

இரவில் என்ன நடக்கிறது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். படுத்த கொஞ்ச நேரத்தில் குறட்டை தொடங்கும். திடீரென்று சத்தம் நின்றுபோகும். நெஞ்சும் வயிறும் மட்டும் ஏறி இறங்கும், மூச்சு வராது. நான் எழுந்து உட்கார்ந்து உலுக்கலாமா என்று யோசிப்பதற்குள் ஒரு பெரிய உறுமலோடு மூச்சு திரும்பும். விடிந்ததும் கேட்டால், "நல்லாத்தானே தூங்கினேன்" என்பார். உறவினர்களோ, "படுத்ததும் குறட்டை, கொடுத்துவைத்தவர்" என்பார்கள்.

இதன் பெயர் ஸ்லீப் ஆப்னியா, தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் என்பது ஆசிரியராகிய நீங்கள் அறியாததல்ல. உங்கள் டாக்டருக்கும் தெரிந்திருக்கும், நினைவுக்கு வரவில்லை போலும். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடுகிறது. 10 விநாடியாவது நின்றால்தான் கணக்கில் சேர்ப்பார்கள். அதையும் மூச்சு முழுக்க நிற்காமல் குறைந்துபோகிற நேரங்களையும் சேர்த்து, மணிக்கு 5 முறைக்கு மேல் போனால் நோய், 30 முறைக்கு மேல் போனால் கடுமையான நோய். ஒவ்வொரு முறையும் இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறி அரைவிழிப்புக்கு வருகிறது, அட்ரினலின் சுரக்கிறது. நாளாக ஆக கார்டிசாலின் ஒழுங்கும் கெடலாம். இந்த ஹார்மோன்கள் கல்லீரலில் இருந்து சர்க்கரையை வெளியே தள்ளும். இன்சுலினையும் சரியாக வேலை செய்யவிடாது. உள்ளே இருக்கிற கல்லீரலே ராத்திரி முழுக்க சர்க்கரையை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தால், நான் எந்தக் கதவைப் பூட்டுவது?

காலைச் சர்க்கரைக்கு வேறு காரணங்களும் உண்டு. இரவு மருந்தின் அளவு போதாமல் இருக்கலாம். விடியற்காலை ஹார்மோன்களால் சர்க்கரை உள்ள பலருக்குக் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். அதெல்லாம் சரி. ஆனால் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒருவர் சொல்லும்போது, "குறட்டை விடுவீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே? சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2008-லேயே சொல்லிவிட்டது: இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவர்களிடம் இந்த மூச்சுத் தடை இருக்கிறதா என்று பாருங்கள், மூச்சுத் தடை உள்ளவர்களிடம் சர்க்கரையைப் பாருங்கள் என்று. 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உடல் பருமனும் சர்க்கரையும் உள்ள 306 பேரை இரவு முழுக்கக் கருவி பொருத்திப் பார்த்தார்கள். 86 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்களுக்கு மூச்சுத் தடை இருந்தது. பெரும்பாலோருக்கு அது அதுவரை தெரியாது.

பருமன் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. நானாகவே வாய் திறந்து இதைச் சொன்னபோது ஒரு டாக்டர், "ஒல்லியா இருக்காரே, இவருக்கு எதுக்கு ஸ்லீப் டெஸ்ட்?" என்றார். தாடை சிறியதாகவோ பின்தள்ளியோ இருந்தால் ஒல்லியானவர்களுக்கும் வரும். இன்னொருவர் தூக்கம் சரியில்லை என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஏற்கெனவே தளர்ந்து அடைக்கிற தொண்டையை இன்னும் தளர்த்துகிற மாத்திரை! நல்லவேளை, என் கணவர் அதைத் தொடவில்லை.

அப்புறம், சிறுநீர் கழிக்க இரவில் அடிக்கடி எழுந்திருப்பது. சர்க்கரை என்றார்கள், வயது என்றார்கள், புராஸ்டேட் என்று ஸ்கேனும் எடுத்தார்கள். அடைபட்ட மூச்சுவழியோடு நெஞ்சு போராடும்போது இதயத்தின் மேலறை இழுபடுகிறது. உடம்பில் நீர் கூடிவிட்டதாக எண்ணி அது ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது, சிறுநீரகம் நீரை வெளியேற்றுகிறது. மூச்சுக்கு வைத்தியம் பார்த்த பிறகுதான் என் கணவர் இரவில் எழுந்து நடமாடுவது குறைந்தது. நானும் தூங்கினேன், அதை யாரும் எந்த ரிப்போர்ட்டிலும் எழுதப்போவதில்லை.

முகமூடி மாட்டிக் காற்றை அழுத்தித் தருகிற சிபாப் கருவியால் சர்க்கரை ஓடிப்போகும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆய்வுகளே ஒத்துப்போகவில்லை, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி அசையவே இல்லை என்றவையும் உண்டு. பலர் நடுஇரவில் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள், கனவுத் தூக்கம் கூடுதலாக வருகிற பின்னிரவில்தான் மூச்சு மோசமாக நிற்கிறது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். என் கணவருக்கு மாத்திரைகள் இன்னும் அதேதான். ஆனால் பகலில் பேப்பர் படித்துக்கொண்டே சாய்வதில்லை, நடக்கப் போகிறார், எரிந்து விழுவதில்லை. சோம்பல் என்று உங்கள் டாக்டர் எழுதியது இதைத்தான்.

உங்கள் இதழைச் சொல்லவும் கொஞ்சம் இருக்கிறது. சர்க்கரை நோய்ச் சிறப்பிதழ் போட்டீர்கள். கண்ணுக்கு, சிறுநீரகத்துக்கு, பாதத்துக்கு, பல்லுக்குக்கூட ஆளுக்கொரு பக்கம். தூக்கத்துக்கு ஒரே வரி, "நன்றாகத் தூங்குங்கள்". மிக்க நன்றி. ஜோக் பக்கத்திலோ குறட்டைக்குக் குறைவே இல்லை, காதில் பஞ்சு வைத்த மனைவி மாதாமாதம் வந்துவிடுகிறாள். சர்க்கரைக்கும் எடை குறைக்கவும் போடுகிற டிர்செபடைட் ஊசிக்கு, மூச்சுத் தடை நோய்க்காகவும் 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது, "சர்க்கரைக்காரர்களே, இனிக் கவலை இல்லை" என்று தலைப்பு போட்டீர்கள். அனுமதி, பருமனும் ஓரளவுக்கு மேல் மூச்சுத் தடையும் உள்ளவர்களுக்கு. அதற்கு அடிப்படையான ஆய்வில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவே இல்லை.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில், அதே கேள்வி-பதில் பக்கத்தில், குறுக்கெழுத்துக்கு அடியில் ஒளிக்காமல், நான்கு வரி போடுங்கள்: சர்க்கரை உள்ளவர் சத்தமாகக் குறட்டை விட்டாலோ, பகலில் தூங்கி வழிந்தாலோ, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருந்தாலோ, டாக்டரிடம் தூக்கப் பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும். முடிந்தால் டாக்டரிடம் போகும்போது பக்கத்தில் படுப்பவரையும் அழைத்துப்போகச் சொல்லுங்கள். அந்த வாசகருக்காவது பயன்படும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி
(பெயரை வெளியிட வேண்டாம்)

பி.கு.: போன முறை என் கடிதத்தில் இதழைப் பாராட்டிய வரியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட்டீர்கள். இந்த முறை அப்படி ஒரு வரி இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.